பால் பவுடர் ஆண்டுப் பிள்ளைகள்

ஜூன் ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு அந்த ஊரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பேர் முதியவர்கள் ஆனார்கள். மழை இல்லை, மின்வெட்டு இல்லை. முந்தின நாள் மாலை வரை கருகருவென்ற தலைமுடியோடு திரிந்தவர்கள் விடிந்து எழுந்து, கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதைப் பார்த்தார்கள். அதுவும் எழுந்து நிற்க முடிந்தவர்கள் மட்டும். மற்றவர்கள் படுத்த வாக்கிலேயே காலைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், கால் வரவில்லை. ஆறு மணிக்குப் பால் வண்டி வழக்கம்போல் வந்தது. ஆறரைக்குப் பேருந்து நிலையத்தில் இருபத்தொரு பேருந்துகள் ஓட்ட ஆளில்லாமல் நின்றன. இதை அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. அது நடக்கப்போகிற நாளும் நேரமும் ஆட்களின் எண்ணிக்கையும் பத்து ஆண்டுகளாக நகராட்சியில் ஒரு கோப்பில் எழுதப்பட்டுத்தான் இருந்தன. எண்ணிக்கையில் மட்டும் இரண்டு பேர் குறைந்தார்கள். அவர்கள் மே மாதத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அந்தக் கோப்பை எழுதியவள் நகராட்சி சுகாதாரப் பிரிவில் புள்ளிவிவர எழுத்தர். அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளிக்காரி என்று பெயர். பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் இதே ஜூன் ஒன்றாம் தேதி முப்பத்தெட்டு பேர் ஒரே காலையில் முதியவர்கள் ஆனபோது, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிவரச் சொல்லி அவளைத்தான் அனுப்பினார்கள். முப்பத்தெட்டு படிவத்திலும் பிறந்த தேதி ஒன்றாகவே இருந்ததைக் கொண்டுபோய்க் காட்டினாள். பிரிவுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, எனக்கும் அதே தேதிதானே என்றார். ஊரில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். வாழ்த்து அட்டை விற்கிற கடைக்காரர் ஆண்டுக்கு ஒருநாள்தான் கல்லாவைத் திறப்பார் என்று கேலி பேசுவார்கள்.

காரணம் பழைய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. பெரிய வெள்ளத்துக்கு மறு வாரம் என்பார்கள், மூத்தவளுக்குப் பல் விழுந்த சமயம் என்பார்கள். அவர் பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி ஜூன் ஒன்று, அன்றுதான் பள்ளி திறப்பு. முதல் ஆண்டு முப்பத்தெட்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு பத்தாண்டுகள் வரை நூறைத் தாண்டவில்லை. பன்னிரண்டாவது ஆண்டு, பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டப்பா பால் பவுடர் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஒரு வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் வரிசையில் நின்றன. இடுப்பில் உட்கார்ந்து விரல் சூப்புகிற மூன்று வயதும் நின்றது, செங்கல் சூளையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பதினோரு வயதும் நின்றது. தலைமையாசிரியர் நான்கு நாள் எழுதினார். மணிக்கட்டு வீங்கியது. காதைத் தொடச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. எல்லாருக்கும் ஒரே தேதி, ஒரே வயது. புள்ளிக்காரி மூன்று வயதில், பதினோரு வயது அண்ணனின் தோளில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்கு இரண்டு டப்பா வந்தது. காகிதத்தில் அண்ணனும் தங்கையும் இரட்டையர் ஆனார்கள்.

காகிதத்தின் மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு மரியாதை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. உடம்பு, எலும்பு வரைக்கும், பதிவேட்டில் உள்ளதை நம்பியது. அறுபது முடியும் வரை ஒரு முடி நரைக்காது, ஒரு பல் ஆடாது. முடிந்த காலையில் எல்லாம் சேர்ந்து வரும். தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து, முப்பத்தெட்டு பேரையும் தட்டிப் பார்த்து, 'இயல்பான முதுமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் மேற்கொண்டு ஒன்றும் எழுதவில்லை.

எழுதியது புள்ளிக்காரிதான். முப்பத்தெட்டு பேரையும் ஓராண்டு விடாமல் போய்ப் பார்த்தாள். அவள் கண்டுபிடித்தது எளிமையான ஒன்று. முதுமை வந்து ஒவ்வொன்றிலும் சரிபாதியை எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணில் பாதி, காதில் பாதி, காலில் பாதி. ஞாபகத்தை மட்டும் தொடுவதில்லை. அது கருணையா கொடுமையா என்று ஊரில் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே நிறைய வைத்திருந்தவனுக்குப் பாதி போனாலும் மீதி இருந்தது. முப்பத்தெட்டு பேரில் மூன்று பேர்தான் அன்று காலை தரையிலிருந்து தானாக எழுந்தவர்கள். ஒருத்தி தெருக்கூட்டுகிறவள், ஒருவர் தபால்காரர், ஒருவர் ஏணியிலேயே வாழ்ந்த சுண்ணாம்பு அடிக்கிறவர். மேல்மாடியில் குடியிருந்த பதினான்கு பேரில் ஒருவர்கூடத் திரும்பத் தரையை மிதிக்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு, ஊரைத் தலைக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

பால் பவுடர் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் பத்து ஆண்டு இருந்தது. அவள் திட்டம் எழுதினாள். குடியிருப்புகளில் ஐம்பது தாண்டியவர்கள் தரைத்தளத்துக்கு வர வேண்டும், இளையவர்கள் மேலே போக வேண்டும். மாடிப்படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டாவது மாடியில் இருக்கும் மருத்துவமனையைக் கீழே கொண்டுவர வேண்டும். எல்லாரும் தினமும் இருபது நிமிடம் கால்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். இவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம். பத்தாண்டில் ஒன்பது ஆணையர்கள் வந்து போனார்கள். முதலாமவர், 'இவர்கள் இன்னும் முதியவர்கள் ஆகவில்லை. ஆன பிறகு சமர்ப்பிக்கவும்' என்று பச்சை மையில் எழுதினார். அடுத்து வந்தவர்கள் அந்தப் பச்சை மையைப் பார்த்துவிட்டு அதன் கீழே கையெழுத்து மட்டும் போட்டார்கள். ஒருவர் புள்ளிக்காரியை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார். இன்னொருவர் மனமிரங்கி ஆயிரத்துத் தொள்ளாயிரம் கைத்தடி வாங்கினார். அமைச்சர் வந்தபோது அவை கொடிக்கம்பம் ஆயின.

அதிகாரிகளை மட்டும் திட்டி ஆகப்போவதில்லை. ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிற ஊர்களில் நாற்பதிலேயே முட்டி வலித்து, நாற்பத்தைந்தில் மூச்சு வாங்கி, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் சொல்லிவிடும். இங்கே எவனுக்கும் ஒரு தலைவலிகூடக் கிடையாது. வலிக்காத காலுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அவள் பள்ளி மைதானத்தில் நாற்காலி போட்டு, உட்கார்ந்து எழுவதைச் சொல்லித்தந்தாள். முதல் நாள் அறுபது பேர் வந்தார்கள், இரண்டாம் நாள் ஒன்பது பேர், மூன்றாம் நாள் நாற்காலி வாடகைக்காரர் மட்டும் வந்தார். அவள் விடவில்லை, தனியாகவே செய்தாள். காலையில் அறுபது தடவை உட்கார்ந்து எழுவாள், மாலையில் கோப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகப் படிகளை ஆறு தடவை ஏறி இறங்குவாள். பார்க்கிறவர்கள் பாவம், தனியாக இருந்து இருந்து புத்தி கலங்கிவிட்டது என்றார்கள்.

அவள் பயந்ததெல்லாம் உண்மையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பேருக்காக இல்லை, ஒரே ஒருவருக்காக. அண்ணன் பேருந்து ஓட்டுநர். மெய்யான வயது அறுபத்தாறு ஆகியும் நாற்பது வயதுக்காரன் மாதிரி ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஆனால் நாற்பது ஆண்டாக உட்கார்ந்தே வேலை செய்த கால்கள் அவை. குடியிருப்பதோ நான்காவது மாடி, எழுபத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இரண்டாம் எண் வீடு தங்கைக்கு. இதில் ஒரு விஷயம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் குடியிருப்பு வாரியம் குலுக்கல் போட்டபோது தரைத்தளம் விழுந்தது அண்ணனுக்கு, நான்காவது மாடி தங்கைக்கு. அவளுக்கு அப்போது கைக்குழந்தை, புருஷனும் விட்டுவிட்டுப் போய்விட்டான். நீ கீழே இரு என்று அண்ணன் சாவியை மாற்றிக் கொடுத்தார். பிள்ளை கொஞ்சம் வளரட்டும், திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. பிள்ளை வளர்ந்து, படித்து, வேறு நாட்டுக்குப் போய், அங்கே அவனுக்கே பிள்ளை பிறந்தாயிற்று. சாவி மாறவில்லை.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அவள் எழுபத்திரண்டு படியும் ஏறிப் போனாள். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி வெளியூர்க்காரி. ஆஸ்பத்திரியில் பிறந்து, சரியான தேதியோடு வந்தவள்; அதனால் தவணை முறையில் கிழவி ஆகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமைக்குள்ள கீழ வந்திடுங்க. சொன்னாக் கேளுங்க. இந்த வாட்டி விளையாட்டில்ல."

"பத்து வருஷமா இதையேதான் சொல்ற. தினமும் உக்காந்து எந்திரிங்கிற. நான் உக்காந்தே சம்பாதிச்சவன் பாப்பா, எந்திரிச்சா சம்பளத்தைப் புடிச்சிருவாங்க."

"சிரிக்காதீங்கண்ணே. பாதிதான் மிஞ்சும். உங்க காலுல பாதி போச்சுன்னா ஒண்ணும் இருக்காது."

அண்ணன் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "சரி, வரேன். கீழ எந்த வீடு காலியா இருக்கு?"

அவள் மனசுக்குள் எண்ணினாள். கீழே இருப்பது நான்கு வீடு. மூன்றில் மற்றவர்கள் இருந்தார்கள். அவர் அவசரப்படாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் முறம் நின்றுவிட்டது. என் வீட்டுக்கு வாங்க, நான் மேலே வரேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு வாய் வரை வந்தது. வந்ததும், தானும் அதே செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு முதியவள் ஆகப்போகிறவள் என்பது குறுக்கே நின்றது. தானாவது கீழே இருந்தால்தான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய முடியும், அது எல்லாருக்கும் நல்லது என்று ஒரு நியாயமும் உடனே தோன்றியது. இந்த மாதிரி நேரத்தில் நியாயம் தோன்றாதவர்கள் யார்? பார்த்துச் சொல்றேண்ணே என்று எழுந்தாள்.

"விடு பாப்பா, நடக்கவே முடியாமலா போயிடப் போறேன்" என்றார் அண்ணன். மறுபடி முறம் அசைந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அதற்கு மேல் எழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை போக மட்டும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டார். அந்த ஒரு காலையில் ஊரின் மேல்மாடிகளில் எழுநூற்றுப் பத்து பேர் தங்கிப்போனார்கள். கயிற்றுக்கும் கூடைக்கும் தட்டுப்பாடு வந்து, கடைக்காரர்கள் விலையை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். புள்ளிக்காரி, பணி ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், அதே கோப்பைக் குடிமகள் என்ற முறையில் பத்தாவது ஆணையரிடம் சமர்ப்பித்தாள். அவர் நல்லவர், முழுவதும் படித்தார். இது முதுமைக்கான முன்தயாரிப்புத் திட்டம் என்பதால், முதுமை வந்துவிட்ட நிலையில் பரிசீலிக்க வழியில்லை என்று எழுதினார். மேல்மாடிக்காரர்களை மாதம் ஒருமுறையாவது தூக்கிவந்து இறக்க ஆள் தரக் கேட்டாள். நகராட்சியில் தூக்குகிறவர்கள் நான்கு பேர் உண்டு, ஆனால் அவர்கள் இறந்தவர்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது.

நான்காவது மாதம், ஒரு புதன்கிழமை பிற்பகல், அவள் படி ஏறிப் பார்த்தாள். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள், இரண்டாவதில் படியிலேயே உட்கார்ந்தாள், மூன்றாவதில் சுவரில் சாய்ந்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் நான்காவது மாடியில் அண்ணன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றாள். பத்தாண்டு உட்கார்ந்து எழுந்தது வீண்போகவில்லை. பாதி போனாலும் மீதி இருந்தது. அவள் கணக்குச் சரிதான் என்று நிரூபித்த ஒரே ஆள் அவளேதான். சந்தோஷம் ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி இன்னொன்றும் விளங்கிவிட்டது. இந்தக் காலோடு அவள் மேலே இருந்திருக்கலாம். அண்ணன் கீழே இருந்திருக்கலாம். வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்திருக்கலாம், பேருந்து நிலையம் வரைகூட யாரையாவது பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். இரண்டு பேரும் பிழைத்திருக்கலாம். இன்றைக்கும் முடியும், இந்தக் கதவைத் தட்டிச் சொன்னால் போதும். தட்டக் கை உயர்ந்தது. இன்று ஏறிய கால் அடுத்த வருஷமும் ஏறுமா, ஏறாவிட்டால் யார் கேட்பார் என்று நினைத்தாள். கையைக் கீழே போட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் இறங்கினாள். அன்று மாலையிலிருந்து யார் கேட்டாலும் தன் முட்டி சுத்தமாகப் போய்விட்டது, வாசற்படி தாண்டுவதே பெரும்பாடு என்றாள். சொல்லிச் சொல்லி லேசாக நொண்டவும் பழகிக்கொண்டாள்.

மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. அண்ணன் பால்கனியில் நின்று கீழே பார்ப்பார், அவள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். இருவருக்கும் காதில் பாதிதான் என்பதால் கத்திப் பேசினார்கள், ஊரே கேட்டது.

"முட்டி எப்படி இருக்கு பாப்பா?"

"அப்படியேதாண்ணே இருக்கு."

"எண்ணெய் தேய்ச்சியா?"

"தேய்ச்சேன்."

"மேல ஏறணும்னெல்லாம் நெனச்சிடாத. பத்திரமா இரு."

தினமும் ஏறக்குறைய இதே பேச்சு. மூன்றாம் ஆண்டில் அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கையை மட்டும் ஆட்டினார். ஒரு பிப்ரவரி காலையில் அதுவும் இல்லை. நகராட்சிக்குச் சொல்லியனுப்பினார்கள். தூக்குகிறவர்கள் நான்கு பேரும் அரைமணி நேரத்தில் வந்தார்கள். எழுபத்திரண்டு படியையும் ஆறே நிமிடத்தில் இறங்கினார்கள். ஒரு திருப்பத்தில்கூடப் பலகை சுவரில் இடிக்கவில்லை. கூடவே வந்திருந்த இளநிலைப் பொறியாளர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, மாடிப்படி முதியோரைக் கீழே கொண்டுவர எல்லா வகையிலும் தகுதியாக உள்ளது, மாற்றம் ஏதும் தேவையில்லை என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்போடு அவளுடைய கோப்பு முடித்துவைக்கப்பட்டது.

வண்டி வரும் வரை அண்ணனை இரண்டாம் எண் வீட்டு வாசலில்தான் கிடத்தினார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு அவர் முகத்தை அவள் பக்கத்தில் பார்த்தாள். மேலிருந்து தெரியாத சுருக்கங்கள் எத்தனையோ இருந்தன. நகங்களை யாரோ ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தார்கள். அவள் விழுந்து அழுதாள், அது பொய்யில்லை. அண்ணி அழவில்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்திருந்தவள், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை வைத்தாள்.

"அன்னிக்கு ஒரு புதன்கிழமை வந்துட்டுக் கதவத் தட்டாமப் போயிட்ட."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தாரு. நான் கூப்பிடப் போனேன், வாயப் பொத்திட்டாரு. பாப்பா ஏறிடுச்சு பாத்தியான்னாரு. அவ்ளோ சந்தோஷம் அந்த மனுஷனுக்கு. யாருகிட்டயும் சொல்லிடாத, பாவம், பயந்திடுவான்னாரு." அண்ணி கையை எடுத்துக்கொண்டாள். "எனக்குத்தான் சந்தோஷம் வரல."

வண்டி வந்தது. அவள் எழுந்தாள், நொண்டாமல் எழுந்தாள். அண்ணியைத் தவிர அதை யாரும் கவனிக்கவில்லை. காரியம் முடிந்ததும் அண்ணி தன் ஊருக்குப் போய்விட்டாள். நான்காவது மாடி வீட்டை வாரியம் குலுக்கலில் ஒரு இளம் தம்பதிக்குக் கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். முற்றத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண் தரைத்தள வீட்டைக் கொஞ்சம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு போவாள். புள்ளிக்காரி கதவைச் சாத்திக்கொள்வாள்.

அந்த ஆண்டு ஜூன் ஒன்றாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு இருநூற்று எழுபது பேர் முதியவர்கள் ஆனார்கள். அன்று பால் வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. ஊரில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்.